ஞெமுங்கு: ஓர் எடுத்துக்காட்டு

மார்ச் 4

அக்காவுக்கு,

அன்றைக்கு போனைப் பட்டென்று வைத்தது நான்தான். தப்புதான். ஆனால் நீயும் "ஊரெல்லாம் உழைக்குது, நீ சொல்லை எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருக்கே" என்று சொல்லியிருக்க வேண்டாம். பேசினால் சண்டை வருகிறது. அதனால் எழுதுகிறேன். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடைசியில் மெதுவாகச் சொன்னாலும் நீ மோப்பம் பிடித்துவிடுவாய் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு நாலு வாக்கியம் வேண்டும்.

அகராதி அலுவலகத்தில் ஆளுக்கு ஓர் எழுத்து. 'க' பார்ப்பவருக்கு ஏழு அலமாரி, ஜன்னலோர மேசை. எனக்குக் கிடைத்தது 'ஞ'. ஒரே ஓர் இழுப்பறை, அதுவும் பாதி காலி. புதிய பதிப்புக்குப் புதிய விதி போட்டிருக்கிறார்கள். கடந்த பத்து ஆண்டுகளில் யாராவது ஒருவர் எழுதியதற்குச் சான்று இல்லாத சொல்லை நீக்கிவிட வேண்டும். சான்று புத்தகமாக இருக்கலாம், செய்தித்தாளாக இருக்கலாம், தனிப்பட்ட கடிதமாகக்கூட இருக்கலாம். தேதி மட்டும் இருக்க வேண்டும். எங்கள் தலைமைப் பதிப்பாசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் செங்கோடு. எதை நீட்டினாலும் சிவப்பு மையில் ஒரு கோடு இழுப்பார். அவர் சொல்லிவிட்டார், 'ஞ' ஐம்பது சொல்லுக்குக் கீழே போனால் 'ந' பார்ப்பவரே அதையும் பார்த்துக்கொள்வார் என்று. நான் ஒப்பந்த ஆள். இன்றைய நிலவரம் நாற்பத்தாறு.

ஞரல் என்றால் இரைதல். ஞொள்கு, இளைத்துப் போதல். ஞிமிறு, தேனீ. ஞெமுங்கு, அழுந்தி நசுங்குதல். போகிற போக்கில் வந்த மாதிரி உன் கடிதத்தில் இவற்றைச் சொல்லுக்கொரு வாக்கியத்தில் போட்டு அனுப்பு. போனில் சொன்னால் செல்லாது. ஏப்ரல் பத்து கடைசி நாள்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

தம்பி


மார்ச் 11

தம்பி,

நலமா என்று கேட்ட வரி எங்கே என்று இரண்டு தடவை தேடினேன். இல்லை. பரவாயில்லை, நலமும் இல்லை.

கேட்டதைப் பிடித்துக்கொள்.

"காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் சலவைக்கூடம் முழுக்க ஞரலுகிறது, வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் காதுக்குள் ஞரலுகிறது."

"ஒன்றரை வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்ததில் நான் ஞொள்கிவிட்டேன், என் பழைய ரவிக்கைக்குள் இன்னொருத்தியும் நுழையலாம்."

"ஆஸ்பத்திரி விரிப்பில் இரத்தம் இருக்கும், சீழ் இருக்கும், ஒருநாள் யாருடைய பல்செட்டோ இருந்தது, ஒரு ஞிமிறு வந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை."

நாலாவதற்கு ஒன்றும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

இந்தக் கூடத்தைப் பற்றி நீ ஒருநாளும் கேட்டதில்லை. நானே சொல்கிறேன். நாலு ஆஸ்பத்திரியின் விரிப்புகள் இங்கே வருகின்றன. வேகவைத்து, துவைத்து, பிழிந்து கடைசியில் எங்களிடம் வரும். எங்களிடம் இருப்பது விரிப்பை அழுத்தித் தேய்த்து உலர்த்துகிற ரோலர். இரண்டு கட்டிலை நீளவாக்கில் போட்டால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு நீளம். உள்ளே ஆவி கொதிக்கும். விரிப்பின் ஒரு மூலையை நான் பிடிப்பேன், மறுமூலையைச் சுருட்டை பிடிப்பாள். தலைமுடியால் வந்த பெயர். என்னைவிடப் பத்து வயது சின்னவள். இரண்டு பேரும் ஒரே மூச்சில் விளிம்பை உள்ளே கொடுக்க வேண்டும். கொடுக்கும் இடத்துக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. கை பட்டால் ரோலர் நின்றுவிடும். துணி சுருண்டு பட்டாலும் நின்றுவிடும், அதுதான் குற்றமாகிப் போனது. எங்கள் மேற்பார்வையாளன் பெயர் விசில், அதை ஊதுவது தவிர வேறு வேலை தெரியாதவன். போன மாதம் அந்தக் கம்பியைக் கழற்றிச் சுவரில் இரண்டு ஆணி அடித்து மாட்டிவிட்டான். இப்போது அதில் அவன் துண்டு காய்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் உன் சொற்களைச் சுருட்டையிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. சாயங்காலத்துக்குள் கூடம் முழுக்கப் பரவிவிட்டது. விசில் வந்தால் "ஞிமிறு வருதுடி" என்கிறார்கள். அவன் கத்தினால் "ரொம்ப ஞரலுது." அவனும் முறைத்து முறைத்துப் பார்க்கிறான், திட்டுகிறோம் என்று தெரிகிறது, எதைச் சொல்லித் திட்டுகிறோம் என்று தெரியவில்லை.

கிழிக்கச் சொன்னாய். நான் எதையும் கிழிப்பதில்லை என்று உனக்குத் தெரியும்.

அக்கா


மார்ச் 19

அக்காவுக்கு,

மூன்றும் தேறிவிட்டன! செங்கோடு ரவிக்கையை மட்டும் அடித்தார், மற்றதைத் தொடவில்லை. "சலவைத் தொழிலாளியின் கடிதம்" என்று சான்று போட்டிருந்தேன். அதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி, "இதுதான்பா மக்கள் வழக்கு" என்றார். 'க'காரருக்கு முகம் சுருங்கிவிட்டது.

நாற்பத்தொன்பது. இன்னும் ஒன்றே ஒன்றுதான். ஞெமுங்கு அவ்வளவு கடினமான சொல்லா? பேருந்தில் கால் ஞெமுங்கியது, பெட்டிக்குள் துணி ஞெமுங்கியது என்று எதையாவது எழுதேன். இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.

நலமா?

தம்பி


ஏப்ரல் 2

தம்பி,

உன் சொல்லுக்கு வாக்கியம் கிடைத்துவிட்டது.

"இன்று காலை ஒன்பதரை மணிக்கு, தடுப்புக் கம்பி இல்லாத ரோலரில், சுருட்டையின் வலது கை ஞெமுங்கியது."

தேதி மேலே இருக்கிறது.

விரிப்பின் விளிம்பு மடிந்துவிட்டது. நீவிவிடக் கையை நீட்டினாள். நான் என் மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கத்தியது இந்த இரைச்சலில் கேட்கவில்லை, வாய் திறந்திருந்ததைத்தான் பார்த்தேன். நிறுத்துகிற பொத்தான் மறுகோடியில். நான் ஓடினேன். ஓடி முடிப்பதற்குள் விரிப்பு மறுபக்கம் வந்து மடிப்பு மேசையில் விழுந்தது, சிவப்பாக.

மூன்று விரல் போய்விட்டது என்கிறார்கள். நாங்கள் விரிப்பு துவைக்கிற ஆஸ்பத்திரி ஒன்றில்தான் படுத்திருக்கிறாள்.

பதினோரு மணிக்குக் கம்பியைத் துடைத்து ரோலரில் மாட்டிவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு விசில் ஒரு தாளோடு வந்தான். கம்பி இருந்த இடத்தில் இருந்தது, அவளே அதைத் தூக்கிவிட்டுக் கையை விட்டாள் என்று அச்சடித்திருந்தது. "கையெழுத்து போடறவங்க நாளைக்கு வரலாம்" என்றான். ஆறு பேர் போட்டோம். நான் மூன்றாவது.

போன மாதமே கம்பியைப் பற்றி எழுதியிருந்தேன். நீ வாக்கியத்தை மட்டும் நறுக்கி எடுத்துக்கொண்டாய்.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

நாலு நாளாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சொல் விற்கிற கடையில் உட்கார்ந்திருக்கிறேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

கம்பி பற்றி நீ எழுதியதைப் படித்தேன். படித்துவிட்டு, இதில் 'ஞ' எதுவும் இல்லை என்று தாண்டிப் போனேன். அதுதான் உண்மை.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். உன் வாக்கியத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் கடிதமும் சான்றுக் கோப்பில் இருக்கிறது. நாளைக்குக் கடைசி நாள், கை தானாகப் போய்விட்டது. செங்கோடு 'தடுப்புக் கம்பி இல்லாத' என்பதை அடித்துவிட்டார். "அகராதி புகார்ப் பெட்டி இல்லப்பா" என்றார். ரோலரையும் உருளை ஆக்கிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஐம்பது ஆகிவிட்டது. என் ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷம் நீட்டியிருக்கிறார்கள்.

என்னைத் திட்டி எழுது.

தம்பி


மே 20

தம்பி,

திட்ட நேரமில்லை. அதனால்தான் இத்தனை நாளாக எழுதவில்லை. இப்போது வேலை இருப்பதால் எழுதுகிறேன்.

சுருட்டை வீட்டுக்கு வந்துவிட்டாள். பெருவிரலும் சுண்டுவிரலும் இருக்கின்றன. நடுவில் ஒன்றும் இல்லை. அவளே கவனக்குறைவாகக் கையை விட்டதால் ஒன்றும் தர முடியாது, இனி வேலையும் இல்லை என்று கம்பெனி கடிதம் அனுப்பியிருக்கிறது. சாட்சிக்கு எங்கள் ஆறு கையெழுத்து. அதை அவளே என்னிடம் இடது கையால் நீட்டினாள். மூன்றாவது கையெழுத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், "டீ குடிக்கிறீங்களாக்கா?" என்று கேட்டாள். அறைந்திருக்கலாம்.

மறுநாளே தொழிலாளர் அதிகாரியிடம் போய் என் கையெழுத்து மிரட்டி வாங்கியது என்று எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா நல்ல மாதிரிதான். ஆனால் "இன்னைக்கு வந்து சொல்றீங்க, அன்னைக்கே எங்கேயாவது சொல்லியிருக்கீங்களா? எழுத்தில ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது. உன் இழுப்பறையில்.

ஏப்ரல் 2 கடிதத்தை உறையோடு திருப்பி அனுப்பு. உறையில் தபால் முத்திரை இருக்கும். மார்ச் கடிதம் வேண்டாம், நீ கேட்டு நான் எழுதியது அதில் அப்பட்டமாகத் தெரியும்.

அக்கா


மே 27

அக்காவுக்கு,

கடிதமும் உறையும் இதனுள் இருக்கின்றன. கோப்பில் இருந்ததை யாரையும் கேட்காமல் உருவி எடுத்தேன், நகல் ஒன்றை வைத்துவிட்டேன். நாலு மாதம் யாரும் திறக்க மாட்டார்கள்.

அந்த அம்மாவிடம் என்னைப் பற்றிப் பேச்சு வந்தால் தம்பி ஏதோ ஆபீஸில் இருக்கிறான் என்று மட்டும் சொல்.

தம்பி


ஜூன் 16

தம்பி,

நேற்று விசாரணை. கம்பெனி வக்கீல் உன் செங்கோடு போலவே கண்ணாடியைக் கழற்றி மாட்டுகிறார். என் கடிதத்தை விரல் நுனியால் பிடித்துப் படித்தார். ஞெமுங்கியது என்ற இடத்தில் நிறுத்தினார்.

"இது என்னம்மா?"

"நசுங்கிச்சுன்னு அர்த்தம்."

"அர்த்தம் தெரியாம அகராதி பார்த்துட்டு வந்திருக்கேன். கேள்வி அது இல்ல. நீங்க எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது."

அவர் அதிகாரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஒரு சலவைக்காரி, கண் முன்னால் இன்னொருத்தி கை போன அன்றைக்கு, புலவர்கள்கூட மறந்துபோன சொல்லைப் போட்டுக் கடிதம் எழுதுவாளா என்று கேட்டார். யாரோ படித்தவர் பின்னாலிருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார், 'உன் சொல்லுக்கு வாக்கியம்' என்று முதல் வரியே காட்டிக்கொடுக்கிறது, பழைய உறைக்குள் புதுக் கடிதத்தைச் செருகியிருக்கிறார்கள் என்றார். நசுங்கியது என்று எழுதியிருந்தால் நம்பியிருப்பாராம். எங்கள் வாயில் இன்ன சொல்தான் வரலாம் என்று அவரிடம் ஒரு பட்டியல் இருக்கிறது போல.

கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம் என்று சொன்னேன். யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டார். கையெழுத்து போட்ட மற்ற ஐந்து பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்ச்சில் வயிறு வலிக்கச் சிரித்தவர்கள்தான்.

"இந்தச் சொல் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அதிகாரி அம்மா நேராகக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, தம்பி. வக்கீல் சிரித்தார்.

உன் மார்ச் 4 கடிதம் என் தகரப் பெட்டியில் இருக்கிறது. நாலு சொல்லும், நாலு பொருளும், நீ கேட்ட காரணமும், தேதியும், முத்திரையும் எல்லாம் அதில் இருக்கின்றன. கிழித்துவிடு என்பதும் இருக்கிறது. அதைக் காட்டினால் என் கடிதம் நிஜமாகிவிடும். உன் அகராதி பொய்யாகிவிடும்.

வெளியே வந்ததும் சுருட்டையிடம் சொன்னேன். "வேண்டாம்க்கா. உங்க தம்பிக்கு வேலை போனா என் விரல் முளைக்கவா போகுது?" என்றாள். அவள் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உன்னைக் கேட்காமல் கொடுக்கவும் மாட்டேன்.

அடுத்த விசாரணை முப்பதாம் தேதி.

அக்கா


ஜூன் 21

அக்காவுக்கு,

கொஞ்சம் பொறு. அவசரப்படாதே. முத்திரை போதாதா? தபால் நிலையத்தில் பதிவு ஏதாவது இருக்காதா? அந்த ஐந்து பேரில் ஒருத்தியையாவது தனியாகப் பார்த்துப் பேசினால் வர மாட்டாளா?

நான் பயப்படுகிறேன் என்று நினைப்பாய். பயம்தான். இந்த வேலைக்கு முன்னால் எட்டு மாதம் உன் வீட்டு மூலையில் பாய் விரித்துக் கிடந்தேனே, மறந்துவிட்டாயா? நீ காலையில் என் காலைத் தாண்டித்தான் வேலைக்குப் போவாய், ஒரு வார்த்தை சொல்ல மாட்டாய். அந்த மௌனத்துக்குத் திரும்பி வர முடியாது அக்கா. இங்கே நான் ஒருவன் இல்லாவிட்டால் ஒரு எழுத்துக்கு ஆள் இல்லை. சின்ன எழுத்துதான். ஆனாலும் என் எழுத்து.

யோசித்துச் சொல்கிறேன். முப்பதுக்குள் சொல்கிறேன்.

தம்பி


ஜூன் 23

அக்கா,

நேற்று முன்தினம் எழுதியதைக் கிழித்துப் போடு. நீ கிழிக்க மாட்டாய். சரி, அடியில் போட்டு வை.

மார்ச் 4 கடிதத்தைக் கொடு.

நேற்று அச்சுப்படி வந்தது. 'ஞ' மொத்தம் இரண்டே பக்கம். ஞெமுங்குவைத் தேடினேன். செங்கோடு இன்னொரு தடவை கை வைத்திருக்கிறார். இப்போது இப்படி இருக்கிறது: "கூடையில் இருந்த பழம் ஞெமுங்கியது. (சலவைத் தொழிலாளியின் கடிதம், ஏப்ரல் 2.)" உன் தேதி இருக்கிறது, உன் தொழில் இருக்கிறது. சுருட்டையின் கை பழமாகிவிட்டது.

அச்சுப்படியை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

"இது கை சார்."

"படிக்கிறவங்களுக்குச் சங்கடமா இருக்கும்பா. பழம்னா யாருக்கும் உறுத்தாது."

"சார், இந்த நாலு சான்றும் நான் அக்காகிட்ட கேட்டு எழுதி வாங்கினது."

அவர் அதிரவே இல்லை. பேனாவை மூடினார். "எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? 'க' பிரிவுக்காரருக்கு மொத்தம் எத்தனை மாமா தெரியுமா? எல்லா மாமாவும் மாசம் தவறாம கடிதம் எழுதறாங்க. வெளியே சொல்லாத வரைக்கும் அது சான்று. சொல்லிட்டா மோசடி."

"வெளியே சொல்லப் போறேன் சார். விசாரணையில."

"அப்போ நீ மட்டும் மோசடி பண்ணினவன் ஆயிடுவே. மாமாக்கள் எல்லாம் நல்லவங்களா இருப்பாங்க."

இன்று காலை என் மேசையில் 'ந'காரர் உட்கார்ந்திருந்தார். இழுப்பறைச் சாவியை அவர் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டேன். அது எப்போதும் பூட்டியதே இல்லை.

முப்பதாம் தேதி நானும் வருகிறேன். கேட்டால் நானே சொல்கிறேன். பாய் இருக்கிறதா?

தம்பி


ஜூலை 18

தம்பி,

விசாரணை முடிந்த அன்றைக்கே நீ ஓடியிருக்க வேண்டாம். வேலை தேட வேண்டும் என்றாய், சரி. ஆனால் வக்கீல் உன் கடிதத்தைப் படித்த முகத்தை நினைத்து நினைத்துச் சிரிக்க எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. 'கிழித்துவிடு' என்று நீ எழுதிய வரியைத்தான் அந்த அம்மா இரண்டு தடவை படித்தார். கிழிக்கச் சொன்ன கடிதத்தை யாரும் சாட்சிக்காக எழுதி வைக்க மாட்டார்கள் என்றார். நாம் செய்த திருட்டுத்தனம்தான் நம்மைக் காப்பாற்றியது. இதற்கு மகிழ்வதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டுக்கும் உடம்பில் தெம்பும் இல்லை.

ஆணை வந்துவிட்டது. கம்பி இல்லாததுதான் காரணம், பொறுப்பு கம்பெனியுடையது என்று இருக்கிறது. சுருட்டைக்கு இழப்பீடு தர வேண்டும், உட்கார்ந்து செய்கிற வேலையும் தர வேண்டும். அவர்கள் மேல்முறையீடு போவார்களாம். போகட்டும். கம்பியை ரோலரோடு பற்றவைத்துவிட்டார்கள், விசிலின் துண்டுக்கு இடமில்லை. என்னை அழுக்குப் பிரிக்கிற பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். இரத்தம் காய்வதற்கு முன்னால் விரிப்பு எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். மற்ற ஐந்து பேரும் என்னோடு பேசுவதில்லை. நேற்று அவர்களில் ஒருத்தி பக்கத்தில் வந்து, விசில் இருந்த திசையைப் பார்த்து, "ஞிமிறு" என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

ஆணையின் மூன்றாம் பக்கத்தில் என் வாக்கியம் முழுசாக இருக்கிறது. தடுப்புக் கம்பி இல்லாத என்பது இருக்கிறது. ரோலர் ரோலராகவே இருக்கிறது. கை கையாக இருக்கிறது. ஆணைக்கு எண் உண்டு, தேதி உண்டு. உன் இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கிற 'ந'காரருக்கு ஒரு நகல் அனுப்பு. போடுவாரோ மாட்டாரோ.

பாய் இருக்கிறது. சுருட்டி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை வந்தால் உன் காலைத் தாண்டும்போது பேசிவிட்டுப் போகிறேன்.

சுருட்டை பக்கத்தில்தான் இருக்கிறாள். இடது கையால் எழுதப் பழகுகிறாள். உனக்கு நாலு வரி எழுத வேண்டுமாம். கீழே இருப்பது அவள் எழுத்து, கோணலாக இருந்தாலும் படித்துவிடு.

அக்கா


அண்ணா,

வேலை போச்சுன்னு அக்கா சொன்னாங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்.

ஒண்ணு கேக்கணும். இல்லாத விரல் அரிக்குது. நடுவிரல் மட்டும். சொறியப் போனா அங்க ஒண்ணும் இல்ல. டாக்டர்கிட்ட சொன்னா சிரிக்கிறார். உங்க புத்தகத்துல இதுக்கு ஒரு சொல் இருக்கா?

தேதி போடணுமாம், அக்கா சொல்றாங்க.

ஜூலை 18